நீருக்கடியில் ஒளிவழித் தொடர்பு: நம்பகத்தன்மையை அளந்து உயர்த்த முழுமையான வழிகாட்டி

நீருக்கடியில் ஒளியால் தகவல் அனுப்பும் கருவியைச் செய்வது பெரிய வேலையில்லை. ஒரு நீல எல்.இ.டி., ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒரு போட்டோடையோடு, இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள் இருந்தால் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எழுத்துகள் போய்விடும். அந்த இணைப்பை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்கலாமா என்பதுதான் கடினமான கேள்வி.

புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தெளிந்த குழாய்த் தண்ணீரில் எத்தனை மெகாபிட் போனது என்று எழுதிவைத்துவிட்டு, கலங்கிய தண்ணீரில் இணைப்பு அறுந்ததும் எங்கே கோளாறு என்று தெரியாமல் நிற்கிறார்கள். இணைப்பு எதனால் அறுகிறது, அறுந்தால் எவ்வளவு நேரம் அறுந்திருக்கிறது என்ற இரண்டும்தான் நம்பகத்தன்மை. அந்த இரண்டையும் அளந்து, பிறகு குறைக்கும் வரிசை இங்கே இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒன்றரை மீட்டர் தொட்டியையும், விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு படியில் கிடைக்கும் அளவு அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

தொட்டியின் பக்கச் சுவர்களையும் அடித்தளத்தையும் பளபளப்பில்லாத கறுப்புத் துணியால் உட்புறமாக மூடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஏற்பியில், அதாவது ஒளியைப் பெறும் முனையில், விழும். கடலில் அப்படிச் சுவர் கிடையாது. கறுப்புத் துணி இல்லாத தொட்டியில் எடுக்கும் அளவுகள் எப்போதும் உண்மையைவிட நன்றாகவே இருக்கும்.

ஒளிக்கு 450 நானோமீட்டர் நீலமும் 520 நானோமீட்டர் பச்சையும் இரண்டுமே வேண்டும். தண்ணீரை அளக்கச் சில மில்லிவாட் லேசர் போதும். தகவல் அனுப்ப எல்.இ.டி.யோ லேசர் டையோடோ பயன்படுத்தலாம். வெள்ளை எல்.இ.டி.யைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மஞ்சள் பாஸ்பர் பூச்சு மெதுவாக அணைவதால் ஒரு பிட்டின் வால் அடுத்த பிட்டின்மேல் விழும்.

போட்டோடையோடு வாங்கும்போது தகவல் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும் உச்ச உணர்திறனைப் பார்க்காதீர்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கான் டையோடுகள் அகச்சிவப்பை ஒட்டி, 900 நானோமீட்டர் பக்கத்தில்தான் உச்சம் காட்டும். 450 நானோமீட்டரில் அவற்றின் உணர்திறன் உச்சத்தில் பாதிக்கும் கீழே இருக்கலாம். வளைகோட்டில் 450-க்கு நேரே என்ன மதிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவதாக ஒரு போட்டோடையோடை அனுப்பியின் பக்கத்திலேயே பொருத்தி, வெளியேறும் ஒளியின் ஒரு சிறு பகுதியை அளந்துகொண்டே இருங்கள். எல்.இ.டி. சூடாகும்போது அதன் ஒளி குறையும். இந்தச் சான்று டையோடு இல்லாவிட்டால் அந்தக் குறைவைத் தண்ணீரின்மேல் போட்டுவிடுவீர்கள். செலவு குறைவு, ஆனால் இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

மற்றவை: மருந்துக்கடையில் விற்கும் வெள்ளை அமில நீக்கி மருந்து, மீன் தொட்டிக்கான காற்றுப் பம்பும் காற்றுக்கல்லும், தண்ணீரைச் சுழற்ற ஒரு சிறிய பம்ப், வெப்பமானி, மருந்தேற்றும் சிரிஞ்சு, ஆசிலோஸ்கோப் அல்லது தரவுப் பதிவுக் கருவி.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதால் 30 மில்லியாம்பியர் கசிவுமின் தடுப்பு இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள். லேசரின் அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை அறையில் உள்ள எல்லோரும் அணிய வேண்டும். அலையும் நீர்ப்பரப்பு லேசரை எந்தத் திசையிலும் திருப்பிவிடும்.

தண்ணீரை முதல்நாளே நிரப்பிவைத்துவிடுங்கள். புதிதாகப் பிடித்த குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, தண்ணீர் அறை வெப்பத்துக்கு வரும்போது கண்ணாடியில் பொடிப்பொடிக் குமிழிகளாக ஒட்டிக்கொள்ளும். ஒளி நுழையும் இடத்தில் அவை ஒட்டியிருந்தால் அன்றைய அளவுகள் எல்லாம் வீண். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் அந்த இடத்தை மெல்லிய பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

2. முதலில் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

எல்லாக் கணக்கும் ஒரே எண்ணில் தொடங்குகிறது: ஒரு மீட்டருக்கு ஒளி எவ்வளவு தேய்கிறது என்பதைச் சொல்லும் தேய்வுக் குணகம். தண்ணீர் ஒளியை உட்கவர்வதும், மிதக்கும் துகள்கள் அதைச் சிதறடிப்பதும் சேர்ந்தது இது. பச்சை ஒளிக்குத் தெளிந்த பெருங்கடலில் மீட்டருக்குச் சுமார் 0.15, கரையோர நீரில் 0.4, கலங்கிய துறைமுகத்தில் 2.2 என்பவை இத்துறையில் எல்லோரும் எடுத்தாளும் மதிப்புகள். பெட்சோல்டு என்பவர் 1972-இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து வந்தவை. உங்கள் தண்ணீர் இவற்றில் எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அளக்க வேண்டும்.

ஒரே லேசர், ஒரே டையோடு. முதலில் குறைந்த தொலைவில், பிறகு அதிகத் தொலைவில் ஒளியை அளங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, இரு தொலைவுகளின் வித்தியாசத்தால் வகுத்தால் குணகம் கிடைத்துவிடும். இரண்டு தொலைவில் அளப்பதற்குக் காரணம், கண்ணாடியிலும் லென்ஸிலும் ஏற்படும் இழப்புகள் இரண்டு அளவிலும் ஒன்றாக இருந்து கழிந்துபோகும் என்பதே.

டையோடுக்கு முன்னால் சில மில்லிமீட்டர் அகலமுள்ள துளை ஒன்றை வைத்து, அதன் பார்வைக் கோணத்தைச் சுருக்குங்கள். சிதறிய ஒளி உள்ளே வந்துவிட்டால் குணகம் உண்மையைவிடக் குறைவாக வரும். லேசரை அணைத்துவிட்டு அறை வெளிச்சத்தால் மட்டும் வரும் அளவையும் குறித்து, எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

நீலத்துக்கும் பச்சைக்கும் தனித்தனியே செய்யுங்கள். கடலில் நீலம்தான் நெடுந்தூரம் போகும் என்று படித்துவிட்டு நீலத்தையே வாங்குகிறவர்கள் பலர். தெளிந்த ஆழ்கடலுக்கு அது சரி. கரையோர நீரில் மட்கிய தாவரப் பொருளிலிருந்து வரும் மஞ்சள் நிறக் கரைசலும் பாசியின் பச்சையமும் நீலத்தை அதிகமாக உட்கவரும். அங்கே பெரும்பாலும் பச்சைதான் முந்தும்.

3. காகிதத்தில் ஒளிக் கணக்கு

கருவியைத் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு வாட் ஒளி தரும் எல்.இ.டி., தண்ணீருக்குள் பக்கத்துக்கு 5 டிகிரி விரியும் கற்றை, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏற்பி லென்ஸ், 10 மீட்டர் தொலைவு, குணகம் 0.4 என்று வைத்துக்கொள்வோம்.

பத்து மீட்டரில் கற்றை 87 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக விரிந்திருக்கும். அதில் லென்ஸ் பிடிப்பது ஏறத்தாழ 1,200-இல் ஒரு பங்கு. தண்ணீர் தேய்த்தபின் மிஞ்சுவது 55-இல் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து ஒரு வாட்டில் 15 மைக்ரோவாட் வந்துசேர்கிறது. வாட்டுக்கு 0.2 ஆம்பியர் தரும் டையோடில் அது 3 மைக்ரோஆம்பியர். தாராளமான சிக்னல்.

இப்போது தொலைவை 20 மீட்டராக்குங்கள். விரிவால் நான்கில் ஒரு பங்காகிறது, தேய்வால் இன்னொரு 55-இல் ஒரு பங்காகிறது. ஆக 218 மடங்கு குறைந்து, 0.07 மைக்ரோவாட் மட்டுமே மிஞ்சுகிறது. தொலைவு இரட்டித்தால் ஒளி கால் பங்காகும் என்று காற்றில் பழகியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். துறைமுகத் தண்ணீரில் 10 மீட்டருக்கே இழப்பு 95 டெசிபெல், அதாவது பல நூறு கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். அங்கே எந்த எல்.இ.டி.யும் உதவாது என்பதைக் காகிதமே சொல்லிவிடும்.

குணகத்தையும் தொலைவையும் பெருக்கி வரும் எண்ணைத் தனியே எழுதிவையுங்கள். இங்கே 0.4, 10 இரண்டையும் பெருக்கினால் 4. ஒன்றரை மீட்டர் தொட்டியில் குணகம் 2.7 அளவுக்குத் தண்ணீரைக் கலக்கினால் அதே 4 கிடைக்கும். சிறிய தொட்டியில் பெரிய தொலைவைச் சோதிக்க முடிவது இதனால்தான். இதன் எல்லையை ஆறாம் படியில் சொல்கிறேன்.

4. தண்ணீரில் இறக்கும் முன் காற்றில் ஓட்டிப் பாருங்கள்

ஏற்பிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு ஒளி தேவை என்பதைக் காற்றில்தான் அளக்க வேண்டும். காற்றில் மங்கல் (ஒளி சட்டென்று குறைந்து மீள்வது) இல்லை, கலங்கல் இல்லை. இங்கே பிழை வந்தால் அது சர்க்யூட்டின் பிழை. இந்தப் படியைத் தாண்டிவிட்டுத் தண்ணீருக்குப் போனால், தண்ணீரா சர்க்யூட்டா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

சாம்பல் நிறத் தணிப்பு ஃபில்டர்களைக் குறுக்கே வைத்து ஒளியைப் படிப்படியாகக் குறையுங்கள். அனுப்பும் தகவல் போலித் தற்செயல் வரிசையாக, அதாவது தற்செயல்போல் தோன்றினாலும் முன்பே தெரிந்த பிட் வரிசையாக, இருக்கட்டும். 32,767 பிட் நீளமுள்ளது வசதியானது. ‘வணக்கம்’ என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் நீண்ட பூச்சிய வரிசைகள் வராது. சர்க்யூட் எங்கே தடுமாறும் என்பதும் தெரியாது.

எத்தனை பிட் அனுப்ப வேண்டும் என்பதற்கு எளிய விதி உண்டு. பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான பிழைதான் என்று 95 சதவீத உறுதியுடன் சொல்ல, 30 லட்சம் பிட்டுகள் பிழையே இல்லாமல் போக வேண்டும். விநாடிக்கு ஒரு மெகாபிட்டில் அது மூன்று விநாடி. நூறு கோடியில் ஒன்று என்று சொல்ல ஐம்பது நிமிடம் ஓட்ட வேண்டும். பத்து விநாடி ஓட்டிவிட்டுப் ‘பிழை பூச்சியம்’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை.

பிட்டுகளை அப்படியே ஒளியாக அணைத்து ஏற்றாமல் மான்செஸ்டர் முறையில் அனுப்புங்கள். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒளி மாறுவதால் நீண்ட இருளோ நீண்ட வெளிச்சமோ வராது. ஒளியின் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீரில், நிலையான ஒரு மட்டத்துக்கு மேலா கீழா என்று பார்த்து முடிவெடுக்கும் ஏற்பி உருப்படாது. இதற்கு இரட்டிப்பு அலைவரிசை அகலம் தேவைப்படும். ஒரு மெகாபிட் வேகத்தில் அது சுமையே இல்லை.

5. தெளிந்த, அசையாத தண்ணீரில் நேர்நிறுத்தம்

காலித் தொட்டியில் லேசரை ஏற்பிக்கு நேராக நிறுத்திவிட்டுப் பிறகு தண்ணீர் நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கற்றை கண்ணாடிக்குச் செங்குத்தாக நுழையாமல் 5 டிகிரி சாய்ந்திருந்தால், தண்ணீரில் அது 3.8 டிகிரியாக வளையும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் புள்ளி 3 சென்டிமீட்டர் விலகிவிடும். நேர்நிறுத்தத்தைத் தண்ணீர் நிரப்பிய பிறகே செய்யுங்கள்.

இதே வளைவு ஏற்பியின் பார்வையையும் சுருக்குகிறது. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் காற்றில் 10 டிகிரி வரை பார்க்கும் லென்ஸ், தண்ணீருக்குள் 7.5 டிகிரி வரைதான் பார்க்கும். லென்ஸைத் தண்ணீரில் நேரடியாகத் தோயவிடாமல் கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். தண்ணீரில் தோய்ந்தால் அதன் குவியத் தொலைவே மாறிவிடும்.

இனி ஏற்பியைப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒளி எங்கே பாதியாகிறது என்று குறியுங்கள். பிறகு அதேபோல் அதைத் திருப்பிப் பாருங்கள். படகிலோ நீர்மூழ்கி ஊர்தியிலோ பொருத்தும்போது எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கும் என்பது இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

6. கலங்கல்

அமில நீக்கி மருந்தில் இருக்கும் அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு துகள்கள் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், மிகக் குறைவாகவே உட்கவரும். பாலும் சிதறடிக்கும், ஆனால் மறுநாளே கெட்டுவிடும். மருந்தை நேரே தொட்டியில் ஊற்றாதீர்கள். 10 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துவைத்துக்கொண்டு, அந்தக் கரைசலைச் சிரிஞ்சால் அளந்து சேருங்கள்.

சேர்க்கும்போது என்ன நடக்கிறது என்று கண்ணால் பாருங்கள். முதல் தடவை ஊற்றியதும் கரைசல் வெள்ளைப் புகைபோல் கீழே இறங்கி அடியில் படுத்துக்கொள்ளும். அதுவரை கண்ணுக்குத் தெரியாத லேசர் கற்றை, அந்தப் புகை தொடும் இடத்தில் மட்டும் பளீரென்று தெரியும். கற்றை முழுவதும் ஒரே சீராகத் தெரியும்வரை சுழல் பம்பை ஓடவிட்டு, அதன்பிறகே அளக்க வேண்டும். பம்பை நிறுத்தியதும் துகள்கள் படியத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் குணகத்தை அளந்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தச் சோதனையைத் தள்ளிவிடுங்கள்.

சேர்த்த அளவுக்கு எதிரே ஒளியின் இயல் மடக்கையை வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கலங்கல் கூடக்கூடக் கோடு மேல்பக்கமாக வளைந்தால், சிதறிய ஒளி துளைக்குள் வருகிறது என்று பொருள். துளையைச் சுருக்குங்கள்.

பிறகு தகவலை ஓட்டியபடியே குணகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். நெடுநேரம் எந்தப் பிழையும் இராது. அதன்பின் சிறிது மருந்து கூடினாலே இணைப்பு சரிந்துவிடும். ஒளி அடுக்குக்குறி விதியில் தேய்வதால் இப்படித்தான் நடக்கும். சரிவு தொடங்கும் இடத்தில் குணகத்தையும் தொலைவையும் பெருக்கிய எண் என்ன என்பதே குறிக்கத்தக்கது.

இந்த எண்ணை அப்படியே கடலுக்குக் கொண்டுபோக முடியாது. துறைமுகத் தண்ணீரின் 2.2-இல் 1.8 சிதறலால் வருவது, ஆகவே மருந்து கலந்த தொட்டி அதை ஓரளவு ஒத்திருக்கும். கரையோர நீரின் 0.4-இல் 0.18 உட்கவர்தல். தெளிந்த பெருங்கடலிலோ முக்கால் பங்கு உட்கவர்தல்தான். சிதறிய ஒளியில் ஒரு பகுதியை அகலக் கோண ஏற்பி மீட்டுக்கொள்ளும், உட்கவர்ந்த ஒளி திரும்பாது. எனவே தொட்டியில் கிடைத்த முடிவு, தெளிந்த கடலில் உண்மையில் கிடைப்பதைவிடச் சற்று நன்றாகவே தெரியும். நிறத்தையும் தொட்டியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கடல்நீர் நீலத்தையும் பச்சையையும் பாகுபடுத்தி உட்கவர்வதுபோல் இந்த மருந்து செய்யாது.

7. குமிழி

நம்பகத்தன்மையைக் குலைப்பதில் குமிழிக்கு நிகர் எதுவுமில்லை என்பது என் முடிவு. கலங்கல் மெதுவாக வரும், அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குமிழி முன்னறிவிப்பில்லாமல் ஒளியை முழுவதுமாக மறைத்துவிட்டு, எதுவும் நடவாததுபோல் போய்விடும். அலை உடையும் இடத்திலும், படகின் விசிறிக்குப் பின்னாலும், மூழ்காளரின் மூச்சிலும் அது இருக்கிறது.

முதலில் தகவல் எதையும் அனுப்பாதீர்கள். லேசரை நிலையாக எரியவிட்டு, காற்றுக்கல்லைக் கற்றைக்குக் கீழே வைத்து, ஏற்பியின் அளவை விநாடிக்கு 10,000 மாதிரிகள் வீதம் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். தகவலோடு சேர்த்து அளந்தால் மங்கலின் வடிவம் பிட்டுகளுக்குள் மறைந்துவிடும்.

திரையில் தெரிவது இப்படி இருக்கும்: மட்டமான கோடு, திடீரென்று ஒரு கிணறு, மீண்டும் மட்டம். கிணற்றின் இரு விளிம்புகளிலும் சில சமயம் மட்டத்துக்கு மேலே ஒரு கூர்முனை எழும். நெருங்கி வரும் குமிழியின் மேற்பரப்பு ஒளியை ஏற்பியின் பக்கம் திருப்புவதால் வருவது அது.

மூன்று மில்லிமீட்டர் குமிழி விநாடிக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே ஏறும். இரண்டு மில்லிமீட்டர் கற்றையை அது தொடத் தொடங்கி விலகி முடிய 5 மில்லிமீட்டர் ஏற வேண்டும். அதற்கு 20 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு ஒரு மெகாபிட்டில் அந்த நேரத்துக்குள் 20,000 பிட்டுகள் போயிருக்கும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்வரும் முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

பதிவிலிருந்து மூன்று விவரங்கள் எடுங்கள். காற்றில் அளந்த குறைந்தபட்ச ஒளிக்குக் கீழே மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் இருந்தது. நிமிடத்துக்கு எத்தனை மங்கல்கள். அவற்றில் மிக நீளமானது எவ்வளவு நேரம். சராசரி ஒளியை மட்டும் எடுத்து எழுதுவதுதான் இங்கே பரவலான தவறு. சராசரி பத்து சதவீதம்கூடக் குறையாமல் இருக்கும், இணைப்போ விட்டுவிட்டு அறுந்துகொண்டிருக்கும்.

8. வெப்பமும் உப்பும்

ஒரு டிகிரி சூடேறினால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறையும். உப்பு கூடினால் எண் கூடும். சூடான ஓடையும் குளிர்ந்த ஓடையும் கலக்கும் இடத்தில் கற்றை துடிக்கும்.

வெந்நீரைக் குழாய் வழியே ஒரு பக்கம் மெல்லச் செலுத்தி, முன்போலவே பதிவு செய்யுங்கள். ஒளியின் வர்க்கச் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, பின்னதாலேயே வகுத்தால் துடிப்புக் குறியீடு கிடைக்கும். அது ஒன்றுக்கு நன்றாகக் கீழே இருந்தால் மெல்லிய துடிப்பு. ஏற்பியில் போதிய ஒளி மிச்சம் இருந்தால் அதைத் தாங்கிவிடலாம்.

வெப்பத்தையும் குமிழியையும் கலங்கலையும் ஒரே நாளில் சேர்த்துச் சோதிக்காதீர்கள். தனித்தனியே அளந்தபின் மட்டும் கலந்து பாருங்கள்.

9. பிழைகளை நேரத்தோடு எண்ணுங்கள்

இப்போது தகவலை அனுப்பலாம். ஒரு நிமிடத்தில் ஆறு கோடி பிட்டுகள் போகும். அவற்றில் 60,000 தவறு என்று வைத்துக்கொள்வோம். பிட் பிழை வீதம் ஆயிரத்தில் ஒன்று.

அந்த 60,000-மும் நிமிடம் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் கவலையே இல்லை. 255 பைட்டுக்கு 223 பைட் தகவல் தரும் ரீட்-சாலமன் குறிமுறை, ஒரு தொகுதியில் 16 பைட் பிழைவரை திருத்தும். இங்கே தொகுதிக்கு இரண்டு பைட்தான் கெடும். எல்லாம் திருந்திவிடும்.

அதே 60,000 பிழைகள் 20 மில்லிவிநாடி நீளமுள்ள ஆறு மங்கல்களில் வரலாம். இருட்டில் ஏற்பி ஊகிப்பதில் பாதி தவறாகும். மங்கலுக்கு 10,000 பிழை, ஆறுக்கு 60,000. வீதம் அதேதான். ஆனால் ஒவ்வொரு மங்கலிலும் ஏறத்தாழ பத்துத் தொகுதிகள் முழுதாக அழிந்துபோகும், ரீட்-சாலமனால் ஒன்றையும் மீட்க முடியாது.

ஆகவே பிழையை மொத்தமாக எண்ணாமல், ஒவ்வொரு பிழையும் எந்தப் பிட்டில் வந்தது என்று பதிவு செய்யுங்கள். மங்கல் முடிந்தபின்னும் பிழை தொடர்கிறதா என்று கவனியுங்கள். தொடர்ந்தால் ஏற்பியின் கடிகாரம் அனுப்பியின் கடிகாரத்தோடு ஒத்து ஓடுவதை விட்டிருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் ஒத்திசைவுக்கான வரிசை ஒன்றை வைத்தால் அடுத்த பாக்கெட்டிலேயே அது மீண்டுவிடும்.

10. ஒளியியலை முதலில், குறிமுறையைப் பிறகு திருத்துங்கள்

கணினி படித்தவர்கள் நேரே பிழை திருத்தக் குறிமுறைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் கற்றையை அகலப்படுத்துங்கள். 3 மில்லிமீட்டர் குமிழி 2 மில்லிமீட்டர் கற்றையை முழுவதும் மறைத்துவிடும். 30 மில்லிமீட்டர் கற்றையில் அது மறைப்பது நூறில் ஒரு பங்கு. ஏற்பி லென்ஸ் 50 மில்லிமீட்டராக இருந்தால், அகலப்படுத்திய கற்றை முழுவதும் அதற்குள் விழும், ஒளியும் வீணாகாது. இரண்டு லென்ஸ்களில் தீரும் சிக்கலுக்கு ஆயிரம் வரி நிரல் எழுத வேண்டாம்.

அதிலும் தீராவிட்டால், சில சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது ஏற்பியை வைத்து இரண்டு சிக்னல்களையும் கூட்டுங்கள். ஒரே குமிழி இரண்டையும் ஒரே நேரத்தில் மறைப்பது அரிது.

அதன்பின் மிஞ்சும் மங்கலுக்குத்தான் குறிமுறை. 20 மில்லிவிநாடி மங்கலைத் தாங்க வேண்டுமானால் அதில் சிக்கும் 20,000 பிட்டுகளை, அதாவது 2,500 பைட்டுகளைப் பல தொகுதிகளுக்குப் பிரித்துப் போட வேண்டும். தொகுதிக்கு 16 வீதம் 157 தொகுதிகள் தேவை. பைட்டுகளை அவற்றுக்குள் கலைத்து அடுக்கினால் மங்கலின் அடி எல்லாத் தொகுதிக்கும் பகிர்ந்துபோகும். இதற்கான விலை, 157 தொகுதிகளும் வந்துசேரும்வரை காத்திருக்கும் 0.32 விநாடி. பதிவான படங்களை அனுப்ப அது பொருட்டல்ல. ஓடும் ஊர்தியைக் கட்டுப்படுத்த அது அதிகம்.

கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்குச் சிறிய பாக்கெட், சரிபார்ப்புக் கூட்டு, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புதல் என்ற எளிய முறையே மேல். பதில் வரும் வழியும் ஒளியாக இருக்கட்டும். தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர்தான் போகும், 100 மீட்டருக்கு 67 மில்லிவிநாடி ஆகிவிடும். ஒளி அறுந்தது என்ற செய்தியையாவது கொண்டுபோக ஒலியை மாற்றுவழியாக வைத்திருங்கள். கலங்கிய தண்ணீரில் அதுதான் கைகொடுக்கும்.

11. பிற வெளிச்சம்

ஆய்வகத்தின் விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. மின்னணுச் சோக்கு உள்ளவை அதைவிடப் பல மடங்கு வேகமாகத் துடிக்கும். மான்செஸ்டர் முறையில் அனுப்பினால் தாழ் அதிர்வெண்களை ஏற்பியிலேயே வெட்டிவிடலாம்.

சூரியனை அப்படி வெட்ட முடியாது. அதன் நிலையான மட்டத்தை நீக்கினாலும், அது டையோடில் உண்டாக்கும் இரைச்சல் நீங்காது. ஒளியை டையோடுக்கு முன்னாலேயே தடுக்க வேண்டும். எல்.இ.டி.க்கு 40 நானோமீட்டர் அகல ஃபில்டரும் லேசருக்கு 10 நானோமீட்டரும் பொருந்தும். இந்த வகை ஃபில்டர் சாய்வாக வரும் ஒளிக்குக் குறுகிய அலைநீளத்தின் பக்கம் நகர்ந்துவிடும். அகலக் கோண ஏற்பியில் மிகக் குறுகிய ஃபில்டரைப் போட்டால் சொந்தச் சிக்னலையே இழப்பீர்கள். முடிந்தால் ஏற்பி கீழ்நோக்கியும் அனுப்பி மேல்நோக்கியும் இருக்கும்படி அமையுங்கள்.

12. கடலில் இறக்கும்போது

உறையை எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல், உள்ளே மெல்லிய தாள் ஒன்றை வைத்து மூடி, இரவு முழுவதும் மூழ்க வைத்துப் பாருங்கள். தாளில் ஈரம் எங்கே பட்டிருக்கிறது என்பதே கசியும் இடத்தைக் காட்டும். ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் நுழைய வழி உண்டு. மூடும் முன் விரல் நுனியால் வளையம் முழுவதையும் தடவிப் பார்த்து, சிலிகான் மசகை மெல்லியதாகப் பூசுங்கள்.

சென்னை போன்ற புழுக்கமான ஊரில் உறையை மூடினால் உள்ளே ஈரக்காற்றும் சேர்ந்தே அடைபடும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் கண்ணாடியின் உட்புறம் பனி பூக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கலங்கல் கூடியதுபோலவே சிக்னல் குறையும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடுங்கள்.

முதல் சோதனை இரவில் நடக்கட்டும், பகல் அடுத்ததாக. தண்ணீரின் குணகம் மாறாமல் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சூரியனால் வந்தது என்று சொல்லலாம். தமிழ்நாட்டுக் கரையில் சோதிப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு தடவையாவது ஆற்று முகத்துவாரம் பக்கம் அளந்துவிட வேண்டும். ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் காலம் அது. ஏப்ரலில் எடுத்த எண் அப்போது செல்லாது.

குணகத்தை அந்த இடத்திலேயே, சோதனை நடக்கும் ஆழத்திலேயே, இரண்டு தொலைவுகளில் அளங்கள். புட்டியில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீரில் துகள்கள் வழியிலேயே படிந்துவிடும்.

கருவி பல நாள் தண்ணீரில் இருக்கப்போகிறது என்றால் கண்ணாடியில் படியும் பாசிப் படலத்துக்கும் இடம் விடுங்கள். வெப்பமான கடலில் அது சில நாட்களிலேயே தொடங்கிவிடும். துடைக்கும் முன்னும் பின்னும் ஏற்பியின் அளவைச் சான்று டையோடின் அளவால் வகுத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். கணக்கில் ஒதுக்கிவைத்த உபரி ஒளியில் பாதியைப் படலம் தின்ன எத்தனை நாள் ஆகிறதோ, அதற்குள் மறுபடி துடைத்தாக வேண்டும்.